கண்ணாடிக்கு உள்ளே ஒரு நாற்காலி

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தில்லி மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்திலும் ஒரு சாய்வு நாற்காலி. அதில் அம்மாவோ அப்பாவோ நாள் முழுக்க உட்காரலாம். போன மாதம் அங்கிருந்து அனிதா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகிய பெண், இப்போது அவளே அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ்.

"மேடம், புதுசா சேர்ந்த பொண்ணுங்களுக்கு ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கோம். நீங்க வந்து பேசணும்."

"எதைப் பத்தி?"

"உங்க அனுபவத்தைப் பத்தி. அஞ்சு நிமிஷம்."

"என் அனுபவம் அவ்வளவு சின்னதா?"

"அதுக்கப்புறம் டீ, சமோசா இருக்கு மேடம். ஆறிடும்."

சரி என்றேன். பேச்சோடு பேச்சாக, அந்த நாற்காலிகள் எப்படி வந்தன என்று புதுப் பெண்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "மேலேருந்து சர்க்குலர் வந்துச்சுன்னுதான் அவங்க நினைச்சிட்டிருக்காங்க." என்றாள். சர்க்குலர் வந்தது உண்மைதான். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்தது. சர்க்குலர்கள் அப்படித்தான் வரும். சமோசா ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் பள்ளி, சென்னையில் நர்ஸிங் பட்டம், பிறகு தில்லியில் ஒரு தேர்வு. நேர்முகத்தில் எந்தத் துறை வேண்டும் என்று கேட்டார்கள். இதய அறுவைச் சிகிச்சை என்றேன். மிகவும் கவனமாகக் குறித்துக்கொண்டு என்னைக் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே எப்போதும் இடம் காலியாக இருக்கும் என்று பிறகு தெரிந்தது. காரணத்தின் பெயர் டாக்டர் சேத்தி.

டாக்டர் சேத்தி அந்தப் பிரிவின் தலைவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காலில் ஓடுவதற்கான ஷூ. ஹிந்தியில் 'நீங்கள்' என்பதற்கு 'ஆப்', 'நீ' என்பதற்கு 'தும்'. மேடம் எங்கள் எல்லாரையும், மருத்துவமனை இயக்குநர் உட்பட, 'தும்' என்றுதான் அழைப்பார். 'ஆப்' என்ற மரியாதை குழந்தைகளுக்கு மட்டும். உள்ளங்கையளவு இருக்கும் ஒரு ஜீவனின் முன் குனிந்து, "ஆப் கைஸே ஹைன்? இன்றைக்குப் பால் செரித்ததா?" என்று விசாரிப்பார். அது கொட்டாவி விட்டால் பதிலாக ஏற்றுக்கொள்வார். எங்கள் பதில்களை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டதில்லை.

முதல் வாரம் முழுக்க எனக்கு அவர் கற்றுக்கொடுத்தது கை கழுவுவது மட்டும். பட்டம் வாங்கியவளுக்குக் கை கழுவத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியாதுதான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். குழாயை முழங்கையால் திறக்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு என்று வரிசை மாறாமல் தேய்த்து, தண்ணீர் முழங்கை வழியாக வடியும்படி கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். துடைக்கத் துண்டு கிடையாது. துண்டாக வெட்டி நீராவியில் கிருமி நீக்கிய பழைய செய்தித்தாள்தான். தலைநகரின் பெரிய அரசியல்வாதிகள் எல்லாருடைய முகத்திலும் ஈரக்கையைத் துடைத்திருக்கிறேன். அவர்கள் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக இருந்தது அந்த ஒரு சமயத்தில்தான்.

இது நடக்கும்போதெல்லாம் மேடம் பின்னால் நின்று தம்முடைய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோல் பட்டை போட்ட பெரிய ஆண்கள் கடிகாரம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு நொடி குறைந்தாலும் "ஃபிர் ஸே" என்பார். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியரிடம் மூன்று முறை "ஃபிர் ஸே" சொல்லிவிட்டு, அவர் கை காய்வதற்குள் ரவுண்ட்ஸையே முடித்துவிட்டார்.

இவ்வளவு காவலுக்கும் காரணம் கிருமி. நிறைமாதக் குழந்தைக்கு ஒரு தும்மலோடு போவது, ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடும். அதனால் கிருமியை உள்ளே விடுவதில்லை. கிருமியைக் கொண்டுவரக்கூடியவர்களையும் விடுவதில்லை. அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றோருக்கு.

வராந்தாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. அதற்கு மேல் 'மாதா பிதா உள்ளே வரக் கூடாது' என்று ஹிந்தியில் ஒரு பலகை. அம்மாக்கள் பக்கத்து அறையில் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பார்கள். நாங்கள் ஒரு சிறிய ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்வோம். மதிய நேரத்தில் திரையை விலக்கி, ஒவ்வொரு குழந்தையாகக் காட்டுவோம். வெளியே நிற்பவர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பார்கள். மாலையில் அந்த மூக்குத் தடங்களைத் துடைப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று. குழந்தை தேறி வீட்டுக்குப் போகும் நாளில் அம்மாவிடம் கொடுத்தால், பாதிப் பேர் "எப்படிப் பிடிக்கணும் சிஸ்டர்?" என்று எங்களைத்தான் கேட்பார்கள். மாதக்கணக்கில் நாங்கள் வளர்த்த குழந்தையை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுப்பது போலத்தான் இருக்கும். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. நானும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் செல்வகுமார் வந்தார்.

திண்டுக்கல் பக்கத்துக்காரர். ஒரு மத்திய அமைச்சகத்தில் அசிஸ்டென்ட், கிளார்க்குக்கு ஒரு படி மேல். அரசு வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு முனிர்காவில் ஒரு மாடியறையில் மனைவி சுகந்தியோடு இருந்தார். சுகந்திக்கு வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, அவசர அறுவைச் சிகிச்சை செய்து குழந்தைகளை எடுத்தார்கள். சுகந்தி நினைவில்லாமல் எதிர்க் கட்டடத்தின் தீவிர சிகிச்சையில். ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் எங்களிடம். இரண்டுமே ஒரு கிலோவுக்குக் கீழே.

செல்வகுமார் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். அங்கே மனைவியைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். இங்கே பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். ஊரிலிருந்து கிளம்பியவர்கள் இன்னும் ரயிலில்தான் இருந்தார்கள். நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும் ஜன்னல் பக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், பையன் அழுவுறானா?"

"அவன் அழறது வெளியே கேக்காது தம்பி. ஆனா கோவப்படறான். குழாயைப் பிடுங்கப் பாக்கறான்."

"அப்படியா?" என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் நாள் பையனுக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு. இத்தனை சீக்கிரம் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்கள் ஈரக் காகிதம் போல இருக்கும். அதற்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. யாருடைய தவறும் இல்லை. மேடம் அவன் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. மாலையில் போய்விட்டான்.

அன்றைய முறைப்படி, குழந்தையைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அடையாளப் பட்டையைச் சரிபார்த்து, கதவுக்கு வெளியே அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அப்பா கதவைத் தாண்டக் கூடாது, குழந்தை தாண்டலாம். நான்தான் கொடுத்தேன். செல்வகுமார் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். எடை அவரை ஏமாற்றியது போல இருந்தது. கைகள் சட்டென்று மேலே எழும்பின.

"இப்பத்தான் சிஸ்டர் முதல் தடவையா தூக்குறேன்" என்றார்.

துணியின் மடிப்பைச் சரிசெய்தேன். அதற்கு என்ன சொல்வதென்று எங்கள் பயிற்சியில் இல்லை.

பெண் குழந்தையின் நிலைமையும் நன்றாக இல்லை. உடம்புச் சூடு நிற்கவில்லை. எடை ஏறாமல் இறங்கியது. மூச்சு விட மறந்துவிடுவாள். இது குறைமாதக் குழந்தைகளின் பழக்கம். மூச்சு விட வேண்டும் என்பதையே மூளை மறந்துவிடும். கருவி கத்தும், நாங்கள் ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டுவோம், அவள் நினைவு வந்தவள் போல மூச்சு இழுப்பாள். ஒரு நர்ஸுக்கு ஆறு குழந்தைகள் என்றால், எத்தனை முறை ஓடுவது?

குழந்தையைத் துணியில்லாமல் அம்மாவின் நெஞ்சோடு கட்டி வைத்தால், அந்தச் சூட்டிலும் மூச்சின் அசைவிலும் இதெல்லாம் சீராகும் என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. தேறிய குழந்தைகளுக்குக் கடைசி நாட்களில், வெளி அறையில் வைத்துச் செய்வோம். ஆனால் இவள் தேறியவள் அல்ல. அம்மாவுக்கோ நினைவே இல்லை.

பையனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் செல்வகுமார் ஜன்னலுக்கு வந்தார். சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு, ஆபீஸுக்குப் போகிறவர் போல இருந்தார்.

"சிஸ்டர், ஒரு விவரம் வேணும். அப்பா அம்மா உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்கீங்கள்ல, அந்த ஆர்டரோட நகல் கிடைக்குமா?"

"எந்த ஆர்டர்?"

"எந்த ஆர்டர்படி இந்தப் பலகையை மாட்டினாங்களோ, அது. நம்பர் இருந்தாக்கூடப் போதும். விதிவிலக்கு கேக்கணும்னா ஆர்டரைக் குறிப்பிட்டுத்தானே கேக்க முடியும்?"

அழுது கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காவல்காரரின் சட்டையைப் பிடித்தவர்களை, எம்.பி.யின் சிபாரிசோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்டர் நம்பர் கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். துக்கத்தில் ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் போவார். இவருக்குத் தெரிந்தது சரியான வழிமுறை.

நானும் தேடினேன். நர்ஸிங் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இல்லை. நிர்வாகப் பிரிவில் இல்லை. ஸ்டோரில் இருந்த பெரியவர் யோசித்துவிட்டு, "கண்ணாடி போட்ட கான்ட்ராக்டர் பலகையும் சேர்த்துக் கொடுத்தான்" என்றார். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் இதே பலகைதான் எழுதுவான்" என்றார். இத்தனை வருடமாக நாங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய விதியை வகுத்தவர் ஒரு பெயின்டர்.

இதை மேடத்திடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆர்டர் எதற்கு? இன்ஃபெக்‌ஷன். அதுதான் காரணம். அந்தக் கிளார்க்கிடம் சொல்."

"கிளார்க் இல்லை மேடம். அசிஸ்டென்ட்."

"இன்னும் மோசம்."

ஆனால் எழுந்தார். அவரே வராந்தாவுக்குப் போனார். பின்னால் நானும், ரோத்தக்கிலிருந்து வந்திருந்த நிதின் என்ற இளம் டாக்டரும்.

"கேள், பேட்டா" என்றார் மேடம். "உன் மகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை. நீ பஸ்ஸில் வருகிறாய். ஆபீஸில் ஃபைலைத் தொடுகிறாய். உன் கையில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியாது."

செல்வகுமார் திண்டுக்கல் வாசனையடிக்கும் ஹிந்தியில் பணிவாகச் சொன்னார்: "ஜீ மேடம். தெரியாதுதான். அப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாமே? உங்க ஆளுங்க கழுவுற மாதிரியே நானும் கழுவுறேன். அப்புறம் எல்லார் கையையும் டெஸ்ட் பண்ணுங்க. என் கை மோசமா இருந்தா, நான் இந்த வராந்தாவிலயே நின்னுக்கறேன்."

கண்ணாடியைக் காட்டி, "பையனை வெளிய நின்னுதான் பாத்தேன். இவளையாவது..." என்றார்.

நிதின் சிரித்துவிட்டான், 'டெஸ்ட்' என்ற பேச்சுக்கு. மேடம் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"எதற்குச் சிரிப்பு? அச்சா கேள்வி. நாம் ஏன் இதுவரை கேட்கவில்லை?" பிறகு என்னிடம், "மைக்ரோபயாலஜியிலிருந்து தட்டுகள் வாங்கி வா. எல்லாருடைய கையும். ஸ்டெதாஸ்கோப், பேனா, எல்லாம். ஒருவரையும் விடாதே. ஜல்தி."

கிருமி வளர்க்கும் தட்டு என்பது கூழ் உறைந்த சிறிய கண்ணாடிக் கிண்ணம். கழுவிய கையின் விரல் நுனிகளை அதில் மெல்ல அழுத்தி எடுக்க வேண்டும். பொருள்களுக்குப் பஞ்சுக் குச்சியை ஈரமாக்கித் தேய்த்து, தட்டில் கோலம் போல இழுக்க வேண்டும். மூடி, பெயர் ஒட்டி, சூட்டுப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியும். செல்வகுமாருக்கு நான் கை கழுவச் சொல்லிக்கொடுத்தேன். மேடம் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முறைகூட "ஃபிர் ஸே" சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு விரலையும் தனித்தனி ஃபைலாகப் பார்த்தார்.

எல்லாருக்கும் எடுத்து முடித்தேன். மேடத்தின் விரல்களுக்கும் எடுத்தேன். தட்டை மூடப் போனபோது அவரே மணிக்கட்டை நீட்டினார்.

"இதையும் எடு."

"கடிகாரத்தையா மேடம்?"

"நம் பிரிவில் கடிகாரம் கட்டியிருப்பது நான் ஒருத்திதான். இதை விட்டால் இது பரிசோதனை இல்லை, நாடகம்."

இரண்டு நாள் கழித்து லேப் டெக்னீஷியன் தட்டுகளை ஒரு ட்ரேயில் கொண்டுவந்தான். மேடம் ரவுண்ட்ஸை நிறுத்தி, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முட்டை வாங்குகிறவர் போலப் பார்த்தார். செல்வகுமாரின் தட்டு கிட்டத்தட்டச் சுத்தம். என்னுடையதும் சுத்தம். இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையே என்று அனிதா சொல்வாள். மேடத்தின் விரல்கள் சுத்தம். நிதினின் கை பரவாயில்லை, அவனுடைய ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு சின்னத் தோட்டமே முளைத்திருந்தது. கடைசியாக ஒரு தட்டு. வழவழவென்று, ஈரமாக, ஓரம்வரை படர்ந்திருந்தது. எங்களைப் போன்ற பிரிவுகளின் மிக மோசமான விரோதியான கிருமி அப்படித்தான் வளரும்.

"இது யார்?"

டெக்னீஷியன் சீட்டைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "மேடம்... கடிகாரப் பட்டை."

அப்போது அங்கே நின்ற அனைவரும் தரையை ஆராய்ந்தோம். நல்ல தரை.

"சத்தமாகச் சொல்" என்றார் மேடம். "பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை."

அவன் சத்தமாகச் சொன்னான். மேடம் கடிகாரத்தைக் கழற்றினார். தோல் பட்டையை உருவிக் கிருமிக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டார், கடிகாரத்தை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து என்னிடம் கொடுத்து, "சுவரில் ஒரு கடிகாரம் மாட்டச் சொல், கை படாத உயரத்தில்" என்றார். எந்தக் குப்பை எந்தப் பையில் என்பதில் அந்த நேரத்திலும் தவறவில்லை. பிறகு கை கழுவும் தொட்டிக்குப் போய், முழங்கைவரை, இரண்டு நிமிடத்துக்கு மேலேயே கழுவினார். இந்த முறை பின்னால் யாரும் நிற்கவில்லை.

திரும்பி வந்து, "அந்த அப்பாவைக் கூப்பிடு" என்றார்.

"உள்ளேயா மேடம்?"

"பின்னே, கான்டீனுக்கா?"

செல்வகுமார் உள்ளே வந்ததும்தான், எங்கள் பிரிவில் உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை என்பது தெரிந்தது. நாங்கள் யாரும் உட்காருவதில்லை, வேறு யாரும் வருவதில்லை. ஒரு முக்காலி இருந்தது. முக்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. நாற்காலிக்கு ஸ்டோருக்கு எழுதினால் அடுத்த நிதியாண்டு என்று செல்வகுமாரே சொன்னார். மேடம் இரண்டு வார்டு பணியாளர்களை அழைத்து, தம் அறையிலிருந்த பெரிய சாய்வு நாற்காலியைத் தூக்கிவரச் செய்து, கிருமிநாசினியால் துடைக்க வைத்தார். அதன்பின் பல மாதங்கள் அவர் முக்காலியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சிக்கல் செல்வகுமாரின் மார்பு. ஏராளமான முடி. நிதின் கவலையோடு கேட்டான்: "மேடம், ஷேவ் பண்ணச் சொல்லலாமா?"

"கரடிக் குட்டி எதன் மேல் படுக்கிறது, டாக்டர் சாஹப்?"

"மேடம்..."

"குளித்திருக்கிறாரா என்று கேள். அது போதும்."

ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டோம். முன்புறம் திறந்த அங்கி. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். அவளை நிமிர்த்தி, அவர் நெஞ்சின் நடுவில் வைத்தேன். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே உயர்ந்து இருக்க வேண்டும். கழுத்து மடிந்தால் மூச்சுக்குழாய் மடியும். கைகால்கள் தவளை போல மடங்கி இருக்க வேண்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், வாயில் பால் குழாய், பாதத்தில் ரத்த ஆக்ஸிஜன் பார்க்கும் ஒயர். எல்லாவற்றையும் அவர் அங்கியோடு ஒட்டி, ஒரு துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். செல்வகுமார் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க மூச்சு விடலாம். நிறுத்தி நிறுத்தி விடறதுக்குத்தான் அவ இருக்காளே."

விட்டார். நெஞ்சு ஏறி இறங்கியது. அவளும் சேர்ந்து ஏறி இறங்கினாள்.

மேடம் குனிந்து, "ஆப் ஆராம் ஸே ஹைன்?" என்று கேட்டார். சௌகரியமாக இருக்கிறீர்களா என்று. செல்வகுமார் தம்மைக் கேட்பதாக நினைத்து "ஜீ மேடம்" என்றார். அவரை யாரும் திருத்தவில்லை.

முதல் சில நாள் எங்களுக்குத்தான் வேதனை. ஒரு ஆள் உட்கார்ந்து நாங்கள் செய்வதையெல்லாம் பார்க்கிறார் என்றால் சும்மாவா? மருந்தின் பெயர் கேட்டார். எடை ஏன் இறங்கியது என்று கேட்டார். "இந்த ஊசி நேத்திக்கு வேற நேரத்துல போட்டீங்களே?" என்று கேட்டார். அனிதா அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். "மேடம், இவரு ஆடிட்டரா அப்பாவா?" என்று என் காதில் முணுமுணுத்தாள். "இரண்டும் ஒண்ணுதான், பதில் சொல்லு" என்றேன்.

ஒரு நாள் மதியம், செல்வகுமார் மெல்லிய குரலில் கூப்பிட்டார். "சிஸ்டர், ஏதோ மாறுது."

கருவியைப் பார்த்தேன். எண்கள் சரியாகவே இருந்தன. நிதினும் பார்த்தான். "எல்லாம் நார்மல், பாயி சாஹப்."

"இல்லீங்க. என் நெஞ்சுல தெரியுது. நின்னு நின்னு..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் கருவி கத்தியது. எண்கள் சரசரவென இறங்கின. உதடு நீலமாகத் தொடங்கியது. நிதின் கட்டை அவிழ்த்து அவளை எடுக்கப் பாய்ந்தான். எங்கிருந்தோ மேடத்தின் குரல் வந்தது: "எடுக்காதே. அப்பா, முதுகைத் தேய். அழுத்தி. இன்னும்."

செல்வகுமார் தேய்த்தார். பெரிய கை, அவள் முதுகு முழுவதையும் மூடிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. நான் செயற்கைச் சுவாசப் பையை எடுத்து முகமூடியைப் பொருத்தப் போனேன். "மூச்சு விடுடி தங்கம்" என்றார் அவர் தமிழில், ஏதோ ஃபைலை அனுப்பச் சொல்வது போல நிதானமாக. அவள் ஒரு முறை உதறிக்கொண்டு இழுத்தாள். பிறகு இன்னொன்று. எண்கள் படியேறத் தொடங்கின.

நிதின்தான் முதலில் வாயைத் திறந்தான். "மெஷினுக்கு முன்னால் எப்படித் தெரிந்தது?"

"நமக்கு ஆறு குழந்தைகள். அவருக்கு ஒன்று" என்றார் மேடம். பிறகு தம் முக்காலிக்குப் போய், நாற்காலிகள் வேண்டும் என்று இயக்குநருக்கு எழுத உட்கார்ந்தார். எழுதும்போது செல்வகுமாரைக் கூப்பிட்டு, எந்த விதியின் கீழ் கேட்டால் மறுக்க முடியாது என்று ஆலோசனை கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை அவர் யாரிடமும் ஆலோசனை கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று செல்வகுமாரை 'ஆப்' என்றாரா என்று அனிதா இன்றும் என்னோடு சண்டை போடுவாள். சொன்னார் என்பது என் கட்சி.

பிறகு அவள் எடை ஏறினாள். தினமும் கொஞ்சம், ஒரு நாணயத்தின் எடையளவு. மூச்சை மறப்பது குறைந்தது. பக்கத்துக் குழந்தையின் அம்மா ஒருத்தி, பிகாரிலிருந்து வந்தவள், கண்ணாடிக்கு வெளியிலிருந்து செல்வகுமாரைக் காட்டி, "அவர் உள்ளே, நான் வெளியேவா?" என்று கேட்டாள். அவளுக்கும் கை கழுவச் சொல்லிக்கொடுத்தோம். அப்புறம் இன்னொருத்திக்கு. கான்ட்ராக்டரின் பலகையை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தால் இல்லை.

எதிர்க் கட்டடத்தில் சுகந்திக்கு நினைவு வந்து, பேச்சு வந்து, உட்கார முடிந்தது. பையனைப் பற்றி அங்கேயே டாக்டரோடு சேர்ந்து செல்வகுமார் சொல்லிவிட்டிருந்தார். ஒரு காலை அவளைச் சக்கர நாற்காலியில் எங்களிடம் அழைத்துவந்தார்கள். வெளிறிப்போய், தன் குழந்தையைப் புருஷனின் அங்கிக்குள் பார்த்தாள். தொடவில்லை.

"எங்கிட்ட வந்தா அழுவா" என்றாள். "என்னைத் தெரியாது அவளுக்கு."

"கைய நல்லாக் கழுவினியா?" என்றார் செல்வகுமார்.

அவளைச் சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி, குழந்தையை அவள் நெஞ்சுக்கு மாற்றினேன். செல்வகுமார் பக்கத்தில் நின்று வழிநடத்தினார். தலை இந்தப் பக்கம். தாடை கொஞ்சம் மேல. கழுத்து மடியக் கூடாது. காலை அப்படி இல்ல, தவளை மாதிரி. அந்த ஒயரை இழுக்காத. எங்களில் எவரும் அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

சுகந்தி கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"ஏங்க. சித்த வாயை மூடிக்கிட்டு இருங்க. புள்ள தூங்குறா."

அவர் வாயை மூடிக்கொண்டார். அனிதா திரைக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். குழந்தை அழவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, அம்மாவின் மார்பில் கன்னத்தை அழுத்திக்கொண்டது. கருவியின் எண்கள் அசையவே இல்லை.

சுகந்தி குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவன் எப்பிடிங்க இருந்தான்?"

செல்வகுமார் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு தொப்பியும் சில குழாய்களும்தான் அவர் பார்த்தது. அப்புறம் ஒரு வெள்ளைத் துணி. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பையனை அறிந்தவர் அவர்கள் குடும்பத்தில் ஒருவருமில்லை, அறிந்தவள் நான்தான்.

மேடத்தின் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"தலை நிறைய முடி" என்றேன். "தொப்பிக்குள்ள அடங்காது. இடது பக்கம் திருப்பிப் போட்டாத்தான் தூங்குவான். வலப்பக்கம் போட்டா மூஞ்சியைச் சுளிப்பான். விரல் நீளம். என் விரலைப் பிடிச்சா விடமாட்டான், ஒவ்வொண்ணா எடுத்துத்தான் விடுவிக்கணும்."

"அழுவானா?"

"அழறதுக்கு முன்னாடியே கோவம் வந்துடும். குழாயை எத்தனை தடவை ஒட்டினாலும் பிடுங்குவான்."

சுகந்தியின் கண்ணிலிருந்து வழிந்தது குழந்தையின் தொப்பியில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் மகள் மேல் இருந்தன. செல்வகுமார் ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து ஒற்றினார்.

"அம்புட்டுக் கோவமா?" என்றாள்.

"அம்புட்டு."

"இவுக மாதிரியேதான்" என்று புருஷனைத் தலையால் காட்டினாள். "மேல சொல்லுங்க சிஸ்டர்."

சொன்னேன்.